ஸ்பினோசாவிடம் டியூஷன் படித்த பையன்

ஹாலந்தில் லைடனுக்குப் பக்கத்து ரைன்ஸ்பர்க் கிராமத்தில், கண்ணாடி வில்லை தேய்த்தபடி கடவுளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார் தத்துவவாதி ஸ்பினோசா. யூதச் சமூகம் 1656-லேயே விலக்கி வைத்துவிட்டதால், விசேஷ வீட்டு அழைப்புத் தொல்லை கிடையாது. அந்த நிம்மதியைக் கெடுக்க அதே வீட்டில் வந்து தங்கினான் காசேரியஸ் என்ற மாணவன். தத்துவ டியூஷன் வேண்டுமாம்.

ஆம்ஸ்டர்டாம் நண்பர்களுக்கு வயிற்றெரிச்சல். அவர்களும் ஸ்பினோசாவின் கைப்பிரதியை வைத்துக்கொண்டு கூட்டமாகப் படித்தார்கள். முறைவைத்து ஒருவர் வாசித்து விளக்குவார். புரியாததைக் குறித்துவைத்துக் கடிதம் போடுவார்கள். பின்னாளில் 'எதிக்ஸ்' என்ற அவருடைய முக்கியப் புத்தகம் ஆன சரக்கு அது. கோனார் உரை கிடையாது. வரையறை என்றால் என்ன என்பதிலேயே கோஷ்டி மாட்டிக்கொண்டது. ஒரே பொருளுக்கு இரண்டு பண்பு எப்படி என்று கேட்டால், இஸ்ரவேல், யாக்கோபு என்று ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இல்லையா என்று பதில் வரும். போதாதா?

1663-இல் அந்தக் கோஷ்டியில் ஒருவரான சிமோன் டி விரீஸ் எழுதியே விட்டார்: ஒரே கூரை, சாப்பாட்டிலும் நடையிலும் உங்களோடு பேச்சு, அந்தப் பையன் கொடுத்துவைத்தவன்! ஸ்பினோசாவின் பதில்: பொறாமையே வேண்டாம், அவனைப்போல் எனக்குத் தலைவலி வேறு யாருமில்லை, உண்மையைவிடப் புதுமைமேல்தான் அவனுக்கு ஆசை, வயசு முதிரும்வரை என் கருத்துகளை அவன் காதில் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தார்? தெகார்த்தை! சொந்தச் சரக்கைப் பூட்டிவிட்டு, அடுத்தவர் தத்துவத்தை வடிவகணிதப் பாணியில் பையனுக்குச் சொல்லி எழுதவைத்தார். பையனுக்குச் சொன்னது தெகார்த் நூலின் இரண்டாம் பாகம்; விஷயம் தெரிந்த நண்பர்கள் முதல் பாகமும் கேட்டார்கள். இரண்டே வாரத்தில் முடித்தார். 1663-இல் புத்தகமாக வந்தது. இதில் உள்ளதெல்லாம் ஆசிரியரின் சொந்தக் கருத்தல்ல என்று முன்னுரையில் சொல்லும் வேலை நண்பர் லோடவைக் மேயருக்கு. உயிரோடிருந்தபோது ஸ்பினோசா தன் பெயர் போட்டு வெளியிட்ட ஒரே புத்தகமும் இதுதான், கூத்தைப் பாருங்கள்.

பையன் பாதிரியாராகி, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலேறிக் கொச்சிக்கு வந்தான். அங்கே டச்சு அதிகாரி வான் ரீட் தொகுத்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' மூலிகை நூலுக்கு லத்தீனில் எழுதிக்கொடுத்தான். காசேரியா என்ற தாவரப் பேரினத்துக்கு அவன் பெயர்தான். வாத்தியாரும் மாணவனும் 1677-இல் காலமானார்கள். 'எதிக்ஸ்' அச்சானது அந்த ஆண்டுக் கடைசியில்.

'எதிக்ஸ்' முதல் பக்கத்திலேயே தலை சுற்றுகிறவர்கள் 1663 புத்தகத்தில் தொடங்கலாம். அதுவும் லேசில்லை, ஆனால் தலைவலிப் பையனுக்காகப் பிறந்தது. மேயர் முன்னுரையை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.