எல்லாம் தானாக நடக்கும்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர் பதவி என் தலையில் விழுந்ததும், பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பும் வேலையை ஒரு பைதான் நிரலிடம் தள்ளிவிட்டேன். மாதம் பிறந்தால் விடியற்காலையில் கிரான் என்ற நேரம் பார்த்து எழுப்பும் கருவி அதை எழுப்பும், அது கணக்கு ஷீட்டைப் படித்து மெயில் அனுப்பும், நான் தூங்குவேன்.

ஒருநாள் மெயில் சர்வர் பதில் சொல்லத் தாமதித்தது. பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பு என்று எழுதியிருந்தேன். மெயில் போய்ச் சேர்ந்து, சேர்ந்த தகவல் மட்டும் வராமல் போகலாம் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. மூன்றாம் மாடிப் பெரியவர் லிஃப்டில் மடக்கினார்: "ஏம்பா, ஒரு மாச பாக்கிக்கு இத்தனை லெட்டரா? கந்துவட்டிக்காரன்கூட இப்படித் துரத்தமாட்டான்!" அனுப்பும் முன்பே வீட்டு எண்ணையும் மாதத்தையும் குறித்துவைத்து, குறிப்பு இருந்தால் அந்த வீட்டைத் தொடாதே என்று பிறகு சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்து, தொகைக் கட்டத்தில் யாரோ 'அடுத்த வாரம் தர்றார்' என்று எழுதிவைக்க, நிரல் அங்கேயே படுத்துவிட்டது. பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று 'எக்செப்ட்: பாஸ்' போட்டேன். பிறகு செயலாளர் ஷீட்டின் தலைப்பு ஒன்றை மாற்றினார். அத்தனை வரியும் பிழை. அத்தனையையும் விழுங்கிவிட்டு, 'வெற்றி' என்று முடித்தது நிரல். ஒருவருக்கும் மெயில் போகவில்லை. புகாரும் வரவில்லை. பாக்கிக்காரர் எவர் வந்து, 'எனக்கு நினைவூட்டல் வரலையே' என்று கேட்பார்? லிஃப்ட் கம்பெனிக்குச் செக் எழுத உட்கார்ந்தபோதுதான் கணக்கு காலி என்று தெரிந்தது.

பிழைகளை எனக்கு மெயிலாக அனுப்ப வைத்தேன். தொல்லை தாங்காமல், அவற்றைத் தனி ஃபோல்டரில் ஒதுக்க ஒரு ஃபில்டரும் போட்டேன்.

பெரிய இடங்களிலும் எச்சரிக்கை இப்படித் தொலைந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறுதலாகத் தரவுத்தளத்தை அழித்தார். வழக்கமான பேக்கப்பைத் தேடினால் இல்லை. 9.6 பதிப்புத் தரவுத்தளத்துக்கு 9.2 பதிப்பு பேக்கப் கருவி ஓடித் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களோ, அனுப்புநர் அசலா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாமல் திருப்பப்பட்டன. சுமார் 6 மணி நேரத் தரவு போயிற்று. அவர்களுக்கு மெயில் வரவில்லை. எனக்கு வந்தது, நான்தான் ஒளித்துவைத்தேன்.

இப்போது திட்டம் தலைகீழ். வேலை முடிந்தால் ஒரு வாட்ஸ்அப் குழுவில் பச்சை டிக் வரும், வராவிட்டால் கோளாறு. வராத ஒன்றைக் கவனிக்கும் ஆள் நானில்லை என்பதால், அந்தக் குழுவில் மனைவியையும் சேர்த்திருக்கிறேன். "இன்னைக்கு டிக் வரலையே, எந்திரிங்க" என்பதுதான் என்னிடமுள்ள ஒரே நம்பகமான எச்சரிக்கை.