சுவருக்கு வந்த யோகம்

வாங்க சார், வாங்க மேடம், கண்ணகி நகருக்கு வாங்க. செருப்பைக் கழற்ற வேண்டாம். இது கோயில் இல்லை, ஆர்ட் கேலரி. டிக்கெட்டும் கிடையாது. பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கம் பக்கம் திரும்பினால் போதும், நீலமும் மஞ்சளும் ரோஸுமாக அடுக்குமாடிச் சுவர்கள் கூப்பிடும். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயின்ட்ஸும் சென்னை மாநகராட்சியும் சேர்ந்து வைத்த திறந்தவெளிக் கண்காட்சி. படங்கள் அருமை. வெயிலில் உயரத்தில் நின்று வரைந்தவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தூரிகை பிடித்தவரிடம் போய் கக்கூஸ் அடைப்பைப் பற்றிக் கேட்டால் அவர் என்ன செய்வார், பாவம்.

போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாக்கடை பொங்கினாலும் கவலை வேண்டாம். படத்தில் வாடை விழாது. கேமரா செய்த பெரும் கருணை அது. சுவரடியில் வரிசை கட்டியிருக்கும் பிளாஸ்டிக் குடங்களை நவீன சிற்பம் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான். நிறம் பொருந்தவில்லை என்று ஒரு குடத்தை இடம் மாற்றிப் பாருங்கள், நிஜமான தெருக்கலை என்னவென்று காது குளிரக் கேட்பீர்கள்.

இந்த ஜனங்கள் இங்கே எப்படி வந்தார்கள்? 2000ஆம் ஆண்டிலிருந்து கூவம் கரை, அடையாறு கரை, சாலையோரம் என்று நகரத்துக்குள் பல இடங்களிலிருந்து பெயர்த்தெடுத்து, பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம் கொண்டுவந்து இறக்கினார்கள். 15,000 வீடுகளுக்கு மேல். ஆற்றங்கரை அழகாக வேண்டுமாம், இவர்கள் இருந்தால் ஆகாதாம். அழகுக்கு இடைஞ்சல் என்று ஆட்களை அள்ளிவந்து கொட்டிவிட்டு, இருபது வருஷம் கழித்துக் கொட்டிய இடத்துக்கே அழகை டப்பா டப்பாவாக அனுப்பிவைத்தார்களே, இந்தப் பெருந்தன்மையை எந்தச் சுவரில் எழுதுவது?

பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, குசும்புக்காரர். அநியாயம் செய்த ஊரைக் கொளுத்தியவள் பெயரை, ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களின் குடியிருப்புக்குச் சூட்டியிருக்கிறார். அவளையும்தான் 2001 டிசம்பரில் மெரினாவிலிருந்து அகற்றினார்கள். ஆட்சி மாறியதும் 2006இல் பழையபடி கடற்கரைக்குத் திரும்பிவிட்டாள். சிலைக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. மயிலாப்பூரில் பாத்திரம் தேய்க்க விடிவதற்குள் பஸ் பிடிக்கிற பெண்ணுக்கு எந்த ஆட்சியிலும் ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது.

ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பதாகச் சொல்லிக்கொண்டது குடிசை மாற்று வாரியம். 2021இல் அதற்கும் பெயர் மாற்றி ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆக்கினார்கள். பலகைக்கும் ஒரு கோட் பெயின்ட் தேவைப்பட்டது போலும். ஏழையின் சிரிப்பு இப்போது சுவர் முழுக்க இருக்கிறது. இங்கே முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. சுவரில் சிரிக்கும் குழந்தையின் முகம், அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு குடும்பமே சமைத்து, படித்து, படுத்து, செத்தும் போகிற வீட்டைவிடப் பெரிது. வாடகை கொடுக்காமல் இவ்வளவு இடம் அந்த முகத்துக்கு மட்டும்தான் கிடைத்தது.

சரி, படம் வந்ததும் ஊருக்குப் பெயர் வந்திருக்குமே? வந்தது, பத்திரிகையில். வேலைக்கு மனுப்போடும் பையன் மட்டும் முகவரியில் கண்ணகி நகரை விழுங்கிவிட்டு ‘துரைப்பாக்கம்’ என்று எழுதுகிறான். உள்ளதை எழுதினால் கூப்பிட மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். சுவரோடு சேர்ந்து நின்று படம் எடுப்பார்கள். சுவருக்குள் இருந்து வருகிறவனைப் பார்த்தால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

சுவர் என்றதும் புளியந்தோப்பு நினைவுக்கு வருகிறது. 2021 ஆகஸ்டில் கே.பி. பார்க் புதுக் குடியிருப்பில் கை வைத்த இடமெல்லாம் பூச்சு உதிர்ந்தது. பார்வையாளர் தொட்டு மகிழும் கலை. அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் கட்டடம் ஒன்று 24 வீடுகளோடு இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு ஜனங்களே முன்கூட்டி வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். இவற்றுக்கெல்லாம் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவர்கள் உண்டு. இடிந்த பிறகு வெட்டக் கத்தரிக்கோலோடு யாரும் வரவில்லை.

பெயின்ட் கம்பெனிக்குக் கலைமேல் ஆசை வந்ததுபோல், பைப் கம்பெனிக்கும் சிமென்ட் கம்பெனிக்கும் ஒரு நாள் வரக் கூடாதா? போட் கிளப் பங்களாக்களின் மதில்கள் வெறும் வெள்ளையாகக் கிடக்கின்றனவே, அங்கே போய் ஒரு யானை வரையக் கூடாதா? கேட்டுப் பாருங்கள். வாட்ச்மேன் பதில் சொல்லுவார்.

வருஷக்கணக்கில் தவணை கட்டியும் கிரயப் பத்திரம் கைக்கு வராத குடும்பங்கள் இங்கே நிறைய. அடுத்த கண்காட்சிக்கு அந்தப் பத்திரத்தையே வரையட்டும். அடிமனை முதல் மொட்டை மாடி வரை, முத்திரை, கட்டம், கோடு எல்லாம் கலர் கலராக. கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும் காலியாக விட்டு, பக்கத்தில் ஓர் ஏணியைச் சாத்திவைத்து, வாரியத்துக்கு ஆள் அனுப்புங்கள்.