நண்டலாறு தாண்டினால் பத்தியம் இல்லை

காரைக்காலில் இருக்கும்வரை அவர் சுத்தப் பத்தியக்காரர். காலையில் கேழ்வரகு இட்லி இரண்டு. காபியில் சர்க்கரை கிடையாது. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, அதை மூடி மறைக்கும் அளவுக்குக் கீரை. ராத்திரி கோதுமை தோசை. தொட்டுக்கொள்ள ஒரு பெருமூச்சு. "சாரைப் பாருங்க, எப்படி வாயைக் கட்டறார்" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களை இடித்துக் காட்டுவார்கள். இப்படி வாயைக் கட்டியும் இடுப்பு மட்டும் ஏன் பெருத்துக்கொண்டே போகிறது என்பதுதான் அவர் மனைவிக்குப் புரியவில்லை. ஒருவேளை தைராய்டாக இருக்குமோ என்று டாக்டரைக் கேட்டிருக்கிறார்.

விடை தெரியவேண்டுமென்றால் அவரோடு புதுச்சேரி பஸ்ஸில் ஏறவேண்டும்.

ஜன்னலோர சீட். மடியில் ஒரு மஞ்சப்பை, அதன்மேல் இரண்டு கையும். கோட்டுச்சேரி போகிறது, வரிச்சிக்குடி போகிறது, பூவம் போகிறது. அவர் வாயே திறப்பதில்லை. கண்ணை மூடி ஜபம் செய்கிறவர் போல இருப்பார். நண்டலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியதும் ஒரு கண் திறக்கும். எதிர்ப்பக்கம் சோதனைச்சாவடியில் போலீசார் மதுப் பாட்டில் தேடுவார்கள். இவர் பையில் இருப்பதோ புளியோதரை; அதைப் பிடிக்க எந்தச் சாவடியிலும் ஆள் போடவில்லை. வண்டி தமிழ்நாட்டு மண்ணைத் தொட்டதும் பொட்டலத்தின் நூல் அவிழும். வாழையிலை விரியும் சத்தத்துக்கு முன்சீட்டுக் குழந்தை திரும்பிப் பார்க்கும். புளியோதரைக்குத் துணையாக மசால்வடை. வடையைச் சுற்றியிருக்கும் தாளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், எண்ணெயில் ஊறிய எழுத்துக்கு நடுவே டாக்டரின் கையெழுத்து தெரியும். அது அவருடைய உணவுச் சீட்டு.

கேட்டால் சட்டம் பேசுவார். "டாக்டர் இதை எழுதினது எங்க? காரைக்கால்ல. செல்லுபடியாகிற எல்லையும் காரைக்கால்தான் தம்பி. இது மயிலாடுதுறை மாவட்டம்."

இவர் தனி ஆள் இல்லை. ஊரில் தெருவுக்கு நாலு பேர் இப்படி உண்டு. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் 160 சதுர கிலோமீட்டர்தான். எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் அரைமணியில் வேறொரு அரசாங்கம் வந்துவிடும். 1739இல் பிரெஞ்சுக்காரன் கைக்குப் போன ஊர், நம் நிர்வாகத்துக்கு வந்தது 1954 நவம்பர் 1. ஆனால் சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. நடுவில் ஏழு வருஷத்துக்கு மேல் நடைமுறைக்கு ஓர் அரசு, காகிதத்துக்கு ஓர் அரசு. அப்படி வளர்ந்த ஊரில் ஒரு தடை என்று வந்தால், அது எதற்காக என்று யாரும் கேட்பதில்லை. எதுவரைக்கும் என்றுதான் கேட்பார்கள்.

தெற்கே போனால் வாஞ்சூர்தான் எல்லை. அதைத் தாண்டிய கையோடு நாகூர். சாயங்கால வேளையென்றால் சூடாக இறால் வாடா. ரயிலில் போனாலும் இதே கணக்குத்தான். காரைக்காலிலிருந்து எர்ணாகுளம் போகும் வண்டிக்கு டீ கார்டன் எக்ஸ்பிரஸ் என்று பெயர். "வண்டி பேரே டீ. அதுல டீ குடிக்கலைன்னா மரியாதையா இருக்குமா?" என்பார். டீ தனியாக வருவதில்லை. இரண்டு சமோசாவோடுதான் வரும்.

உள்ளூரிலும் அவருக்கு ஒருநாள் விடுமுறை உண்டு. ஆனி மாதம் காரைக்கால் அம்மையார் பேரில் நடக்கும் மாங்கனித் திருவிழா. பிட்சாடனர் வீதிவலம் வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழத்தை அள்ளி வீசுவார்கள். கீழே நிற்கும் கூட்டம் கைநீட்டிப் பிடிக்கும். டாக்டர் மாம்பழத்துக்குத் தடை போட்டிருக்கிறாரே என்றால், "வாங்கித் திங்கக்கூடாதுன்னாரு. இது வாங்கினதா? மேலேருந்து வந்தது. வேண்டாம்னா அம்மை கோவிச்சுக்குவா" என்பார். அந்தக் காரைக்கால் அம்மை, உடம்பின் தசையை எல்லாம் உதறிவிட்டுப் பேயுரு தரும்படி சிவனிடம் கேட்டு வாங்கியவர் என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டுவதில்லை. திருவிழா நாளில் எதற்கு மனத்தாங்கல்?

இப்படிப்பட்டவரிடம் இங்கிலாந்து சமாச்சாரம் ஒன்றைச் சொல்ல நேர்ந்தது. அந்த நாட்டின் தலைமை மருத்துவ அலுவலராக இருந்த சாலி டேவிஸ் அம்மையார், பதவியிலிருந்து இறங்கும் சமயத்தில், 2019 அக்டோபரில், குழந்தைகளின் உடல் பருமன் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். நகரத்து பஸ், ரயில்களில் தின்பதும் குடிப்பதும் கூடாது என்பது அதில் ஒரு யோசனை. தண்ணீர் குடிக்கலாம், குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாம், நோய்க் காரணம் இருந்தால் சாப்பிடலாம். பத்திரிகைகள் பத்துநாள் மென்று துப்பின. அரசாங்கம் அதைச் சட்டமாக்கவில்லை.

நம்மவர் வடையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். முகம் மலர்ந்தது.

"நோயாளிக்கு விலக்கு உண்டா?"

"உண்டு."

"அப்ப எனக்கு லைசென்ஸே கொடுத்திருக்காங்க. சுகர் உள்ளவன் வயித்தைக் காயப்போட்டா லோ சுகர் ஆயிடும். நல்லா இருக்கிறவன் பட்டினி கிடக்கணும், நான் சாப்பிடணும். படிச்ச அம்மா தம்பி அது!"

சிங்கப்பூர் ரயிலில் வாயில் எதையாவது போட்டால் 500 டாலர்வரை அபராதம் என்றேன். சென்னை மெட்ரோவிலும் ரயிலுக்குள் சாப்பிடக்கூடாது. இரண்டும் பருமனுக்காக வந்த விதிகள் இல்லை. வண்டி சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காக. சென்னை மெட்ரோவில் போய்வந்த அனுபவம் அவருக்கு உண்டு. "ரயிலுக்குள்ள திங்கக்கூடாதுங்கிறான், ஸ்டேஷனுக்குள்ள கடை போட்டிருக்கான். நான் நடுவுல இறங்கிச் சாப்பிட்டுட்டு அடுத்த ரயில்ல ஏறினேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வருது, நமக்கென்ன அவசரம்?" தடையால் அவர் தின்பது குறையவில்லை. உட்கார்ந்து தின்றவர் நின்று தின்றார், அவ்வளவுதான்.

புள்ளிவிவரத்தை நீட்டினேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, அதிக எடையோ பருமனோ உள்ள பெண்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 24 பேர். தமிழ்நாட்டில் 40. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 46. ஆண்களும் சளைத்தவர்கள் இல்லை, அங்கே 43.

"அது புதுச்சேரி. பிரெஞ்சு ரொட்டி, வெண்ணெய், அந்த ஊர் வேற. நாங்க காரைக்கால்" என்று ஒதுங்கிக்கொண்டார். பட்ஜெட் அன்றைக்கு இதே வாய்தான், "நாங்களும் புதுச்சேரிதானே, எங்க பங்கு எங்கே?" என்று டீக்கடையில் முழங்கியது.

அவரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. தனியாகச் சாப்பிடமாட்டார். பொட்டலம் பிரிந்ததும் பக்கத்து சீட்டைப் பார்த்து, "சாப்பிடறீங்களா?" என்பார். "இல்லீங்க, நீங்க சாப்பிடுங்க" என்பது நாம் சொல்லவேண்டிய பதில். இரண்டாம் முறையும் கேட்பார், இரண்டாம் முறையும் மறுக்கவேண்டும். மூன்றாம் முறை மறுத்தால் அது சண்டை. இப்போது காலம் கெட்டுவிட்டது. முன்பின் தெரியாதவர் தரும் தின்பண்டத்தை வாங்காதீர் என்று ரயில் நிலையத்திலேயே அறிவிக்கிறார்கள். அதனால் எதிராளி தயங்கினால் நம்மவர் தானே ஒரு வாய் போட்டுக் காட்டுவார். நம்பிக்கை வரவில்லையென்றால் இன்னொரு வாய். சந்தேகப் பிராணிகள் நிறைந்த பஸ் என்றால் சீர்காழி வருவதற்குள் பொட்டலம் காலி.

அப்புறம் பஸ் ஸ்டாண்டு. "வெள்ளரிப் பிஞ்சேய்!" என்று ஜன்னலுக்குள் கூடை ஏறும். உப்பு, மிளகாய்த்தூள் தடவிய பிஞ்சு. அதன் பின்னால் அவித்த வேர்க்கடலை, கொய்யா, கோடையென்றால் நுங்கு. பித்தம், வாந்தி, தலைசுற்றல் என்று பட்டியல் படித்துக்கொண்டே இஞ்சி மரப்பா விற்பவர் ஏறி இறங்குவார். யோசித்துப் பார்த்தால், அன்றைய தினம் அந்த மனிதரின் வயிற்றுக்குள் போன உருப்படியான சாமான் இந்த ஜன்னல் வழியாகத்தான் போயிருக்கிறது. பஸ்ஸில் தின்னத் தடை என்று வந்தால் முதலில் பிழைப்பு போவது வெள்ளரிப் பிஞ்சுக் கூடைக்காரம்மாவுக்கு. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தோரணம் தோரணமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது. பஸ்ஸை ஓரங்கட்டி அரைமணி நிறுத்தும் சாலையோர ஹோட்டலின் பரோட்டாவுக்கும் ஆகாது. அங்கே பயணி இறங்கித்தானே சாப்பிடுகிறார், சட்டம் தொடாது.

லண்டன்காரர்கள் வேறு ஒன்றும் செய்து பார்த்தார்கள். 2019 பிப்ரவரியில் அந்நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் ரயில், பஸ்களில் நொறுக்குத்தீனி விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். வாயை விட்டுவிட்டுக் கண்ணைக் கட்டினார்கள். விளம்பரம் இருந்திருந்தால் வாங்கியிருக்கக்கூடியதைவிட, ஒரு வீடு வாரத்துக்குச் சுமார் 1,000 கலோரி அளவுக்கு அந்தப் பண்டங்களைக் குறைவாக வாங்கியது என்று 2022இல் ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். யாருடைய பொட்டலத்தையும் யாரும் பிடுங்கவில்லை.

இதையும் சொன்னேன். "நான் விளம்பரம் பார்த்துத் திங்கற ஆளா?" என்றார். சரிதான், அவருடைய பருமனுக்கு விளம்பரம் பொறுப்பில்லை, பஸ்ஸும் பொறுப்பில்லை. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம். அதற்கு ஷேர் ஆட்டோ. புதுச்சேரியில் இறங்கினால் அங்கேயும் ஆட்டோ. நடுவில் நாலு மணிநேர உட்காரல். வாயைத் தவிர எந்த உறுப்புக்கும் அன்றைக்கு வேலையில்லை. அந்த ஒன்றுக்கும் தடை போடத்தான் உலகம் யோசிக்கிறது.

2025 ஜூலையில் ஒருநாள் உற்சாகமாகப் பேப்பரோடு வந்தார். சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கை வாசகம் ஒட்டப்போகிறார்கள் என்று பரவிய செய்தியை மத்திய சுகாதார அமைச்சகம் மறுத்திருந்தது. அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வையுங்கள் என்றுதான் சொன்னோம், தெருக்கடைப் பண்டங்களுக்கு முத்திரை குத்தச் சொல்லவில்லை என்றது அமைச்சகம். "சமோசாவுக்கே விடுதலைன்னா வடை தானா வெளியே வந்துடும்" என்று தீர்ப்பை விரிவுபடுத்திக்கொண்டார்.

பஸ் தடை ஒருவேளை இங்கேயும் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கடைசியாகக் கேட்டேன். புதுச்சேரி அரசு போட்டால் நண்டலாறு இருக்கிறது. தமிழ்நாடும் சேர்ந்து போட்டால்?

"வரட்டும் தம்பி, நான் எதிர்க்கலை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். ஒரே ஒரு திருத்தம் மட்டும் எழுதச் சொல்லுங்க. தடை ஓடற பஸ்ஸுக்குத்தான். நிக்கற பஸ் போக்குவரத்து ஆகாது."

"பின்னே அது என்னவாம்?"

"கட்டடம்."

பின்சீட்டிலிருந்து இரண்டு பேர் ஆமோதித்தார்கள். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர், "பெரியவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சிதம்பரத்தில் வழக்கத்தைவிடப் பத்து நிமிஷம் கூடுதலாக நிறுத்தினார்.