ஏறியது விலையன்று, வரிசை

கரிசல் நிலத்தில் புரட்டாசியில் விதைத்துத் தையில் களம் சேர்க்கும் மானாவாரிச் சம்சாரி வானத்துக்கு அடுத்தபடியாக அண்ணாந்து பார்ப்பது விலையைத்தான் என்பதும், அந்த விலை இப்போதெல்லாம் கைபேசித் திரையில் அட்டவணையாக வந்து இறங்குகிறது என்பதும் கோவில்பட்டிப் பக்கத்தில் யாவரும் அறிந்தவை. நாடெங்கும் உள்ள சந்தை விலைகளைத் திரட்டித் தரும் அக்மார்க்நெட் 2000ஆம் ஆண்டிலும், இணையவழி ஏலத்துக்கான இ-நாம் எனும் தேசிய வேளாண் சந்தை 2016 ஏப்ரல் 14 அன்றும் தொடங்கப்பட்டன. குறைந்த விலை, உயர்ந்த விலை, பெருவாரியான சரக்கு விலைபோன முகட்டு விலை என மூன்றையும் குவிண்டால் கணக்கில் நிரல் நிரலாக அடுக்கிக் காட்டும் பழக்கம் இவற்றால் ஊர்ப்புறம் வரை பரவியது. இத்தகைய அட்டவணைகளில் நிரலின் தலைப்பைத் தொட்டால் வரிசை மாறும் என்பதும், மாறியதற்கு அடையாளமாகத் தலைப்பின் அருகே சிறு முக்கோணம் ஒன்று முளைக்கும் என்பதும் இணையச் செயலிகளின் பொது மரபு. தகராறு முழுவதும் அந்த முக்கோணத்திலிருந்தே தொடங்குகிறது.

சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிவது ஏறுவரிசை. அதன் தலைகீழ் இறங்குவரிசை. பெரும்பாலான செயலிகளில் மேல்நோக்கிய முக்கோணம் ஏறுவரிசையைக் குறிக்கிறது, அதாவது பட்டியலின் உச்சியில் நிற்பது இருப்பதிலேயே தாழ்ந்த விலை. ஆனால் தொலைக்காட்சியில் பங்குச்சந்தை நிலவரம் ஓடுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, விலை என்ற சொல்லின் பக்கத்தில் மேல்நோக்கி நிற்கும் முக்கோணத்துக்கு ஒரே பொருள்தான் உண்டு. விலை கூடிவிட்டது என்று மகிழ்ந்து உளுந்து மூட்டையை வண்டியில் ஏற்றிய பின்னர்தான், ஏறியது விலையன்று, வரிசை மட்டுமே என்பது சம்சாரிக்குத் தெரியவரும். குறைந்த விலை உச்சியில் நிற்பதைக் கண்டு கமிஷன் கடைக்காரர் மகிழ்வது வேறு கணக்கு. ஒரே குறி வாங்குபவரையும் விற்பவரையும் ஒருசேர மகிழ்விப்பது வணிக வரலாற்றில் அரிது.

கணினி உலகமாவது இதில் ஒருமனப்பட்டிருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. விண்டோஸ் கோப்புப் பட்டியலில் ஏறுவரிசைக்கு மேல்நோக்கிய குறி இருக்க, லினக்ஸ் செயலிகள் பலவற்றுக்கு அடித்தளமான ஜிடிகே கருவித்தொகுப்பு இயல்பாகவே கீழ்நோக்கிய அம்பை ஏறுவரிசைக்கு வைத்துக்கொண்டது. பிடிக்காதவர்கள் தலைகீழாக்கிக்கொள்ளலாம் என்று தனியாக ஓர் அமைப்பையும் சேர்த்து வைத்தது. எக்செல்லின் பொத்தான்களில் ஏறுவரிசைக்கும் இறங்குவரிசைக்கும் அம்பு கீழ்நோக்கியே நிற்கிறது, எழுத்துகள் மட்டுமே இடம் மாறுகின்றன. அதே எக்செல், வரிசைப்படுத்தி முடித்ததும் நிரலின் தலைப்பில் ஏறுவரிசைக்கு மேல்நோக்கிய அம்பைக் காட்டுகிறது. இவை போதாவென்று, முக்கோணம் இப்போதுள்ள நிலையைச் சொல்கிறதா, தொட்டால் நிகழப்போவதைச் சொல்கிறதா என்னும் ஐயமும் எஞ்சி நிற்கிறது. தேதி நிரலுக்கு வந்தால் ஏறுதல் என்பது பழையதிலிருந்து புதியதற்கா, புதியதிலிருந்து பழையதற்கா என்று இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

திசை சரியாக இருந்தாலும் வரிசை சரியாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 1901இல் நிறுவப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தந்த சோள இரகங்களுள் கே 8, கே 11, கே 12 ஆகியவை உண்டு. இவற்றை எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகக் கொள்ளும் நிரல், கே 11, கே 12, கே 8 என்று அடுக்கிவிட்டு, ஏறுவரிசை என்று கூசாமல் முக்கோணத்தையும் காட்டும். தமிழ்ப் பெயர்களின் நிலை இன்னும் வேடிக்கையானது. யுனிகோடு குறியீட்டு எண்களில் புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பிற்பட்டது என்பதால், அந்த எண்களையே நம்பி வரிசைப்படுத்தும் செயலியில், அகராதி முறைப்படி முன்னால் வர வேண்டிய கம்புக்கு மேலே, இந்த வறண்ட மண்ணில் யாரும் பயிரிடாத கமுகு ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

முக்கோணம் எவரையும் ஏமாற்றாத நிரல் ஒன்று இவ்வட்டாரத்தில் இருந்ததுண்டு. 2007இல் ஒரு ரூபாயாகி, 2021 டிசம்பர் 1 அன்று இரண்டு ரூபாயாகும் வரை தீப்பெட்டியின் சில்லறை விலை அசையவே இல்லை. அத்தனை ஆண்டுகளும் அந்த நிரலை எந்தத் திசையில் அடுக்கியிருந்தாலும் முக்கோணம் மட்டுமே புரண்டிருக்கும்.

இணையத்தின் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் மென்பொருள்களுக்காக ஏரியா-சார்ட் என்றொரு பண்பைத் தலைப்புகளில் எழுதிவைக்க வழி செய்திருக்கிறது. அது ஏறுவரிசை, இறங்குவரிசை, வேறுவகை, வரிசை இல்லை என்னும் நான்கில் ஒன்றைச் சொல்லும். ஆகவே ஒழுங்காகக் கட்டிய அட்டவணையில் பார்வையற்றவருக்குச் சொல்லாகவே கிடைக்கும் செய்தி, பார்வையுள்ளவருக்கு மட்டும் விடுகதையாகக் கிடைக்கிறது. விலைப்பட்டியல் அமைப்போர் முக்கோணத்தை வைத்துக்கொள்ளட்டும். அதன் பக்கத்தில் ‘குறைந்த விலை முதலில்’ என்ற மூன்று சொற்களையும் சேர்த்துவிடுவார்களாக. அதற்கு இடம் போதாது என்றால், பக்கத்தின் உச்சியில் வரிசையாக நிற்கும் இலச்சினைகளில் ஒன்றைச் சற்றே சிறிதாக்கிக்கொள்ளலாம்.