வன்னியை ஒரே நாளில் சுற்றிக்காட்டல்: முன்சீற் மாமாவின் சுட்டுவிரலை முன்வைத்து ஓர் ஆய்வு

வன்னி பற்றி இதுவரை எழுந்த ஆய்வுகளுக்கெல்லாம் ஒரு பெருங்குறை உண்டு: ஒன்றுகூட வாடகை வானுக்குள் இருந்து எழுதப்படவில்லை. ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களுக்கென்று தனிக் கைநூலே வெளியிட்டார். ஆனால் வவுனியாவில் விடிய ஏறி, ஏ9 வழியே கிளிநொச்சி போய், பரந்தனில் ஏ35க்குத் திரும்பி, முல்லைத்தீவைத் தொட்டு, ஏ34 வழியே மாங்குளம் வந்து, இருட்டின பிறகு வவுனியாவில் இறங்கும் குடும்பம் ஒன்று வழியில் எதைப் பார்க்கிறது என்பதை அவர் ஆராயவில்லை. அவருக்குப் பின் வந்தோர், வன்னி என்ற பெயர் நெருப்பில் பிறந்ததா, மரத்தில் பிறந்ததா, காட்டில் பிறந்ததா என்று பிடித்த சண்டையில் வானைத் தவறவிட்டார்கள். அக்குறை இக்கட்டுரையால் நீங்கும்.

முதலில் வரைவிலக்கணம். சுற்றிக்காட்டல் என்பது, வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்கு, உள்ளூர் உறவு, வந்தவரின் காசில், தாம் நெடுநாளாகப் போக நினைத்த இடங்களைக் காட்டுவது. இதற்கு உரை: "வெளிநாட்டிலிருந்து வந்த" என்றதனால் கொழும்பிலிருந்து வந்தோர் நீக்கப்பட்டனர், அவர்கள் தமக்கு வழி தெரியும் என்பர். "உறவு" என்றதனால் கூலிக்கு வழிகாட்டுவோர் நீக்கப்பட்டனர். அவர்கள் சொன்ன நேரத்துக்கு முடித்துவிடுவர். "வந்தவரின் காசில்" என்பதற்கு உரை வேண்டியதில்லை.

ஆய்வுக்களம் ஒரு ஹயஸ் வான். தகவலாளர்கள்: ரொறன்ரோக் குடும்பம் ஒன்று, அக்குடும்பத்தின் பதின்மூன்று வயதுப் பெடியன், முன்சீற்றில் மாமா, அவருக்கு நேர் பின்னால் மாமி, சாரதி. மேற்கோள் முறை பற்றியும் சொல்லிவிட வேண்டும். வானுக்குள் பக்க எண் கிடையாது. ஆகவே பேசியவர், இருந்த சீற், கடந்த ஊர் என்ற ஒழுங்கில் சான்று காட்டப்படும். இதைவிட மோசமான மேற்கோள் முறைகளுக்குப் பட்டம் கிடைத்திருக்கிறது.

சுற்றிக்காட்டுவோர் நால்வகையினர். சாரதிக்கு வழி தெரியும், பேசமாட்டார். கைத்தொலைபேசி வரைபடம் பேசும். குளக்கட்டையும் வீதி என்று நம்பும். அரசாங்கப் பலகை மூன்று மொழியில் பேசும். அதை வாசிக்க வான் நிற்காது. நான்காமவர் மாமா. இனி வருவதெல்லாம் மாமாவே.

மாமாவின் கருவி சுட்டுவிரல். சுட்டெழுத்து மூன்று என்று தொல்காப்பியர் வகுத்துவிட்டுப் போனார், விரலைக் கவனிக்கவில்லை. உரையாசிரியர்களும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தரவுகளைத் தொகுத்து நோக்குமிடத்து, சுட்டல் உள்பொருள் சுட்டல், இல்பொருள் சுட்டல் என இருவகைப்படும்.

உள்பொருள் சுட்டலுக்கு எடுத்துக்காட்டு இரணைமடு. "குளம்" (மாமா, முன்சீற், குளக்கட்டு). அவ்வளவுதான். கனகராயன் ஆற்றை மறித்து, 1902இல் வேலை தொடங்கி, கிளிநொச்சி வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் குளம் கண்ணெட்டும் தூரத்துக்குக் கிடக்கும்போது விரலுக்கு என்ன வேலை?

ஆனையிறவு: பாதையில் இல்லை. யானையும் இல்லை.

இல்பொருள் சுட்டல்தான் வன்னி வழிகாட்டலின் உயிர். அணியிலக்கணத்தில் இல்பொருள் உவமை என்று ஒன்று உண்டு. உலகில் என்றுமே இல்லாததைக் கொண்டுவந்து ஒப்பிடுவது. மாமாவின் இல்பொருள் அதனின் வேறானது. அது இருந்தது, மாமா அதற்குள் நின்று சாமான் வாங்கினார், இப்போது இல்லை. ஓமந்தையில் விரல் எழுந்தது: "உதிலதான் எல்லாத்தையும் இறக்கி வைச்சுச் செக் பண்ணினவங்கள். பற்றரி ஒண்டு கொண்டுவர ஏலாது." பெடியன் எட்டிப் பார்த்தான். பற்றையும் மின்கம்பமும் தெரிந்தன. "பற்றரி என்னத்துக்கு மாமா?" "ரேடியோ கேக்க. இல்லாட்டிச் சைக்கிளைக் கவிட்டு வைச்சு மிதிச்சு, டைனமோவிலதான் கேட்டனாங்கள்." பெடியன் கைத்தொலைபேசியை மின்னேற்றியிலிருந்து கழற்றினான். ஏனென்று தெரியவில்லை, ஆய்வாளர் ஊகிக்கக் கூடாது.

புளியங்குளம் தாண்டியதும் பாடபேதம் தலைகாட்டியது. "உதிலதான் பழைய சங்கக்கடை" என்பது மாமா பாடம். "உதில இல்லை, ஆலமரத்துக்கு அங்கால" என்பது மாமி பாடம். இரண்டில் எது மூலபாடம் என்று துணிவது எளிதன்று. முன்சீற் கண்ணாடி பெரிது; ஆகவே மாமா பாடம் சிறந்ததெனல் ஒரு கட்சி. சங்கக்கடைக்குக் கூப்பன் கொண்டுபோய் வரிசையில் நின்றவர் மாமி. ஆகவே மாமி பாடமே பழையதெனல் மறுகட்சி. ஆலமரம் இருந்தால் வழக்குத் தீர்ந்திருக்கும். அது தறிக்கப்பட்டமையால் இரு பாடமும் கொள்ளத்தக்கன (மாமா, முன்சீற், கனகராயன்குளம், எதிர், மாமி, பின்சீற், அதே கனகராயன்குளம், உரத்த குரலில்).

இல்பொருள் மீண்டும் உள்பொருளாகும் அரிய நிலை ஒன்றும் பதிவாகியது. அது புகையிரதப் பாதை. யாழ்ப்பாணத்துக்கான ஓட்டம் 1990இல் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குள் போயின. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் யாழ்தேவி திரும்பி வந்தது. ஆயினும் மாமாவின் விரல் பழைய இலக்கணத்தை விடவில்லை. மாங்குளத்துக்குக் கிட்ட, யாழ்தேவி வானுக்குச் சமாந்தரமாகக் கூவிக்கொண்டு ஓடுகையில், அதற்குமேலாக விரலை நீட்டி அவர் சொன்னது: "உதிலதான் அந்த நாளில ரெயில் ஓடினது" (மாமா, முன்சீற்றிலிருந்து பின்னால் திரும்பி, 'சங்கக்கடை முதல் யாழ்தேவி வரை', திருத்திய மூன்றாம் பதிப்பு, மாமியின் அடிக்குறிப்புகளுடனும் சாரதியின் மௌன அணிந்துரையுடனும், மாங்குளம்).

கிளிநொச்சியில் விரல் திசை மாறியது. போரின் கடைசிக் கட்டத்தில் சாய்க்கப்பட்ட நீர்த்தாங்கி அங்கே பல ஆண்டு விழுந்தபடியே பார்வைப் பொருளாகக் கிடந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தோர் அதன்முன் நின்று படமெடுத்தனர். பக்கத்தில் நினைவுப்பொருள் விற்கும் கடையும் வந்தது. மாமா அதைச் சுட்டவில்லை. "உந்தத் தாங்கியில தண்ணி குடிச்ச ஆளையெல்லோ காட்டவேணும்" என்று விரலைத் தன் நெஞ்சுக்குத் திருப்பினார். தற்சுட்டு என்னும் இவ்வகை வேறெங்கும் காணப்படவில்லை. படமும் எவரும் எடுக்கவில்லை.

பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை. ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த இடம். மாமா பாடமும் மாமி பாடமும் முதன்முறையாக ஒத்துப்போயின. இருவருக்கும் அங்கே வேலை செய்த ஒரே சித்தப்பாவைத் தெரியும்.

புதுக்குடியிருப்பு தாண்டி, முள்ளிவாய்க்கால் கழிந்து, வட்டுவாகல் பாலம் வரும்வரை விரல் எழவில்லை. மாமி பாடமும் இல்லை. பெடியன் ஏதோ கேட்டான், விடை பதிவாகவில்லை. சாரதி ரேடியோவை நிறுத்தினார். இப்பகுதிக்குரிய அட்டவணை வெறுமையாக விடப்படுகிறது. 2009க்குப் பிறகு அதை நிரப்பித் தரப் பலர் பல மொழிகளில் முன்வந்துள்ளனர். அவர்களின் நூல்களை மாமா வாசிக்கவில்லை.

இனிக் கற்சிலைமடு. இவ்வாய்வின் கோட்பாட்டுக்கு வெள்ளைக்காரனே கல்லில் வெட்டி வைத்த சான்று அங்கேதான் உண்டு. பண்டார வன்னியன் 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் கப்டன் வொன் ட்ரிபேர்க் அவனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலேயர் ஒரு கல் நாட்டினர். எவ்விடத்தில்? கல் சொல்வது, இதற்குக் கிட்ட எங்கேயோ என்பதே. ஒரு பேரரசு தன் வெற்றியைக் கல்வெட்டில் பொறிக்கும்போதும் முன்சீற் மாமாவின் நடையையே கைக்கொண்டது என்பது நம் துணிபு. வவுனியா நகரில் வாளோடு நிற்கும் பண்டார வன்னியன் சிலையைக் காலையில் கும்பிட்டுப் புறப்பட்ட பெடியனுக்கு இது குழப்பம் தந்தது. "காலமை நிண்டவர். பின்னேரம் தோத்துப்போனார்" என்று மாமா காலவரிசையைத் தெளிவாக்கினார் (மாமா, கல்லடியில் நின்றபடி, சாரம் காற்றில் பறக்க, 'ஒட்டுசுட்டான் உரைகள்', முதற் பகுதி, இரண்டாம் பகுதி தேத்தண்ணிக்குப் பின் வெளிவருவதாகச் சொல்லப்பட்டு வெளிவராதது, சாற்றுக்கவி, தேத்தண்ணிக் கடைக்காரர்).

இவ்விடத்தில் ஒரு புறநடை. ஏ9 பாதை 2002இல் திறந்தபோதும், மூடி மறுபடி 2009இல் திறந்தபோதும், காலையில் கொழும்பால் வெளிக்கிட்டு இரவு கொழும்பு திரும்பியவர்கள் அதைக் களஆய்வு என்று எழுதிக்கொண்டார்கள். தார் காயுமுன் நூல் வந்தது. அவற்றில் "எங்கேயோ" என்ற சொல்லே கிடையாது, எல்லாம் "இங்கேதான்". அந்த ஊரில் கொட்டிலும் கிணறும் வைத்திருந்த மாமா "எங்கயோ உதுக்குள்ள" என்று சொல்லும்போது, மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கியவருக்கு இடம் இவ்வளவு துல்லியமாய்த் தெரிவது வியப்புக்குரியது.

அடுத்தது கச்சான். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் வான் போகாது. தேங்காய் உடைக்காமல் சாரதி போகமாட்டார். கச்சான் வாங்காமல் மாமி போகமாட்டா. வானின் தரையில் விழும் கோதைக் கொண்டு பயணத்தின் காலத்தைக் கணிக்கும் கோதுப் படையியலை இங்கு முதன்முறையாக முன்வைக்கிறோம். அடிப்படை கிரவல் தூசி. அதன்மேல் வவுனியாப் பணிஸ் துகள். அதன்மேல், தடித்து, செழித்து, சீற்றின் கால்வரை எழுந்து நிற்பது முறிகண்டிக் கச்சான் காலம்; இதுவே நாகரிகத்தின் உச்சம். அதற்கு மேற்படை பாலைப்பழக் கொட்டை. பயணம் ஆனி, ஆடியில் நடந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் பாலைப்பழத்தின் பால் உதட்டை ஒட்டுவதுபோலக் கோதையும் ஒட்டியதால், இவ்விரு படைகளையும் பிரிக்க முடியவில்லை. உச்சியில் முல்லைத்தீவுக் கடல் மணல்.

சிக்கல் எழுந்தது கடைசிச் சீற்றடியில். அங்கே பணிஸ் படைக்கும் கீழே, மிதியடிக்கு அடியில், ஒரேயொரு கச்சான் கோது கிடந்தது. முறிகண்டிக்கு முன்பே கச்சானா? முறிகண்டி நாகரிகம் வவுனியாவிலேயே தோன்றி வடக்கே பரவியது என்று ஒரு முடிபுக்கு வரலாம். முந்திய வாடகைக்காரர் காலத்தது என்றும் கொள்ளலாம். இந்நாட்டில் ஒரு மலையில் ஒரு செங்கல் கிடைத்தால், அதை அடுக்கியவர் யார் என்று தீருமுன் பலகை நட்டு, வேலி போட்டு, ஊரவர் பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போகும் வரை கொண்டுவந்துவிடும் வழக்கம் உண்டு. கச்சான் கோதில் அந்த அவசரம் ஆகாது என்று கருதி மேலும் அகழ முற்பட்டோம். அதற்குள் மாமி விளக்குமாற்றை எடுத்துவிட்டா (மாமி, 'கூட்டு', ஒரு சொல் நூல், அச்சில் இல்லை).

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில், வைகாசிப் பொங்கலுக்குக் கடல் நீரில் விளக்கெரியும் செய்தியை மாமா சொன்னார். பெடியன் இரசாயனம் கேட்டான். "வைகாசியில வந்து பார்" என்பது விடை. இதைவிடச் செம்மையான ஆய்வுமுறை எந்தப் பீடத்திலும் கற்பிக்கப்படுவதில்லை.

பயணத் திட்டத்தில் எழுதப்படாமலே பயணத்தைத் தின்பது உறவுக்காரர் வீடு. விசுவமடுவில் மச்சாள் வீடு, அதற்கு முன் தருமபுரத்தில் பெரியம்மா வீடு, எல்லா வீட்டிலும் தேத்தண்ணி, எல்லாத் தேத்தண்ணியிலும் கரண்டி நிற்கும் அளவு சீனி. இந்திய வீட்டுத்திட்டம் வடக்கிலும் கிழக்கிலும் கொடுத்த 46,000 வீடுகள் பெரும்பாலும் ஒரே முகம் கொண்டவை என்பதால், மச்சாள் வீடு என்று நினைத்து வேறு வீட்டுக்குள் போய், அங்கேயும் தேத்தண்ணி குடித்து, சுகம் விசாரித்து, வெளியே வந்த பிறகுதான் மாமா "உது இல்லை" என்றார். உள்பொருளையும் மாமா பிழைபடச் சுட்டிய ஒரே இடம் இதுதான். அந்த வீட்டுக்காரர் கேற்றடி வரை வந்து வழியனுப்பினார்.

இத்துறையில் மேலாய்வு செய்ய விரும்பும் முதுதத்துவமாணி மாணவர்களுக்கு: முன்சீற் காலியில்லை. பின்சீற்றில், மாமிக்குப் பக்கத்தில் ஓரிடம் உண்டு. பாடபேதம் அங்கேதான் கிடைக்கும். வானுக்குக் கூலி பேசும்போது சாரதியின் மத்தியானச் சாப்பாடு உள்ளே அடங்குமா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். இரவாகிப்போனால் மேலதிகக் காசு எவ்வளவு என்பதையும் கேட்டு வையுங்கள். "உதில ஒருக்கா நிப்பாட்டு தம்பி" என்பது எந்தக் கூலிக் கணக்கிலும் அடங்காது.