இறுகப் பிடி, மச்சான்

வீட்டில் மில்லிங் மெஷின் வைத்திருப்பவனைத் தேடி உடைந்த சாமான்கள் தாமாகவே வந்துவிடும். திகாம் பத்துவில் என் வீட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தவற்றில் கப்சாய் மோட்டார் சைக்கிளின் பிரேக் கட்டை உண்டு, கேட் கீல் உண்டு, சுங்கை பட்டாணித் தைப்பூசத்துக்கு எடுக்கும் காவடியின் அலுமினியத் தாங்கியும் உண்டு. கொண்டுவருகிறவர்கள் "எப்ப கிடைக்கும் அண்ணே?" என்பதோடு சரி. "இத எதுல பிடிப்பீங்க?" என்று கேட்ட புண்ணியவான் இதுவரை பிறக்கவில்லை. வெட்டுவதற்குப் பத்து நிமிஷம் போதும். ஆடாமல் அசையாமல் பிடித்து வைப்பதற்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறது.

என்னுடையது ஷாங்ஹாயில் சீக் நிறுவனம் செய்யும் எக்ஸ்-2 ரகம். நாட்டுக்கு நாடு பெயரும் பெயின்ட்டும் மாறும், உள்ளே அதேதான். மேசையின் நீளம் ஒன்றேகால் அடி, அகலம் 92 மில்லிமீட்டர். இந்த 92-ஐ நினைவில் வைத்துக்கொண்டு என் மச்சானின் யோசனையைக் கேளுங்கள்.

மச்சான் பிறையில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். "வாங்குனா கர்ட் வைஸ் வாங்கு மச்சான், அதுவும் ஆறு இஞ்சி. மத்ததெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்றார். அமெரிக்காவில் மினியாபோலிஸ்காரர்கள் செய்யும் அந்த வைஸைக் குறை சொல்ல என்னால் முடியாது. சாதாரண வைஸை இறுக்கினால் நகரும் தாடை முன்னால் வரும்போதே லேசாக மேலே தூக்கிக்கொள்ளும். அடியில் வைத்த பேரலல் கட்டைகள் விரலால் தள்ளினால் ஆடும். இரும்பு இறுகிவிட்டது என்று நம்பி நாம் வெட்ட, நாலு பக்கமும் நாலு உயரமாக வரும். கர்ட் வைஸில் தாடைக்குள் ஒரு அரைக்கோளம் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் தள்ளும் விசையில் ஒரு பங்கை அது கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. இறுக்க இறுக்கத் தாடை கீழே அமரும். அருமையான ஏற்பாடு. ஆனால் ஆறு இஞ்சி கர்ட்டின் எடை முப்பது கிலோவுக்கு மேல். தாடை மட்டுமே 150 மில்லிமீட்டருக்குக் கிட்டே. என் மேசையில் அதை ஏற்றுவது எலிமேல் பிள்ளையாரை ஏற்றுவது மாதிரி. பிள்ளையாராவது தெய்வம், எலி தாங்கியது.

நாற்பது ஐம்பது வெள்ளிக்குத் துளைபோடும் மெஷினுக்கென்று விற்கும் வைஸ் இன்னொரு கோடி. ஓட்டை போடும்போது விசை கீழ்நோக்கி வரும், அதற்கு அது போதும். மில்லிங் கட்டர் பக்கவாட்டில் இழுக்கும். அதைக் கழித்துவிடுங்கள்.

நான் தேர்ந்தது டூல்மேக்கர் வைஸ் என்கிற ஸ்குரூ இல்லாத ரகம், மூன்று இஞ்சி. எல்லாப் பக்கமும் கிரைண்ட் செய்தது, உயரம் குறைவு. சின்ன மெஷினில் டிரில் சக்கை மாட்டியபின் மிஞ்சும் இடம் கையகலம்தான் என்பதால் இந்த உயரக் குறைவு பெரிய விஷயம். அடிப்பக்கக் காடிகளில் ஒரு குறுக்கு ஊசி மாட்டிக்கொள்கிறது. சாய்வாக இறங்கும் போல்ட் தாடையை முன்னுக்கும் கீழுக்கும் சேர்த்தே இழுக்கிறது. கர்ட் செய்வதை இது மலிவாகச் செய்கிறது. தொல்லை இல்லாமல் இல்லை. வேறு அளவுக்கு மாற்ற வேண்டுமானால் ஊசியைத் தூக்கி அடுத்த காடியில் போட வேண்டும், அங்கே இரும்புச் சுருள் ஒன்று நமக்கு முன்பே குடியேறியிருக்கும்.

பிடித்தாகிவிட்டது. இனி விளிம்பு எங்கே என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா ஹார்வர்டில் இருந்தவர். பீடோங் பக்கத்து ஹார்வர்ட் எஸ்டேட்டில், பால் மரம் சீவினார். விடியுமுன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில், இடது மேலாக வலது கீழாக முப்பது டிகிரிச் சரிவில், அரைச் சுற்றுக்குப் பட்டையைச் சீவ வேண்டும். ஒருநாள் சீவல் ஒன்றரை மில்லிமீட்டர் போல. கத்தி உள்ளே இறங்க வேண்டும், ஆனால் மரத்தின் வளரும் சவ்வுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போது நிற்க வேண்டும். தாண்டினால் மரத்துக்குக் காயம், சீவினவருக்கு மண்டோரின் வசவு. மங்கில் பால் வடிய, அடுத்த மரத்துக்கு ஓட்டம். அந்த ஒரு மில்லிமீட்டரை அம்மாவின் மணிக்கட்டே காட்டிக் கொடுத்தது. அவர் பெற்ற பிள்ளைக்கோ எட்ஜ் ஃபைண்டர் வேண்டியிருக்கிறது.

மச்சான் கொண்டுவந்து காட்டியது விளக்கு எரியும் ரகம். முனை உலோகத்தைத் தொட்டால் மின்சாரம் ஒரு சுற்று வந்து சிவப்பு விளக்கு எரியும். பார்க்க அழகு. காவடித் தாங்கியைத் தொட்டோம், எரியவில்லை. அனோடைஸ் செய்த அலுமினியத்தின் மேல்தோல் மின்சாரத்தைக் கடத்தாது. நைலானும் பெர்ஸ்பெக்ஸும் அப்படியே. மச்சான் பேட்டரியை மாற்றிப் பார்த்தார். முருகனுக்கே வெளிச்சம்.

ஸ்பிரிங் ரகம் கால்வாசி விலை. இரண்டு துண்டு உருளை, உள்ளே ஒரு ஸ்பிரிங். நிமிஷத்துக்கு ஐந்நூறு, அறுநூறு சுற்றில் ஓடவிட்டால் கீழ்த்துண்டு கள்ளு குடித்தவன்போல் ஆடும். மேசையை மெல்ல நகர்த்த, விளிம்பு பட்டுப்பட்டு ஆட்டம் அடங்கி நேராகும். இன்னும் ஒரு நூல் நகர்த்தியதும் வெடுக்கென்று பக்கவாட்டில் விலகும். அதுதான் விளிம்பு. முனை 10 மில்லிமீட்டர் என்றால் இன்னும் 5 நகர்த்தினால் ஸ்பிண்டிலின் நடுமையம் விளிம்புக்கு நேர் மேலே. எப்போதும் ஒரே திசையிலிருந்து நெருங்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்குரூவின் தளர்வு கணக்கைக் கெடுக்கும்.

சிகரெட் காகிதத்தை எச்சில் தொட்டு விளிம்பில் ஒட்டி, ஓடும் கட்டர் அதைப் பிடுங்கும்வரை நெருங்குவது பழைய ஃபிட்டர்களின் வழி. வேலை செய்யும். ஆனால் புகைக்காதவன் வீட்டில் அந்தக் காகிதம் எதற்கு என்று மனைவியிடம் விளக்குவதைவிட எட்ஜ் ஃபைண்டர் மலிவு.

மனைவி ரசீதுகளை அடுக்கிப் பார்த்தாள். வைஸ், பேரலல், கிளாம்ப், எட்ஜ் ஃபைண்டர் எல்லாம் சேர்ந்து மெஷின் விலையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"ஏங்க, ராஜேந்திர சோழன் கடாரத்தையே பிடிச்சான். ஒரு இரும்புத் துண்ட பிடிக்க உங்களுக்கு இவ்வளவு வெள்ளியா?"

"அவன் 1025-ல வந்தப்ப கப்பல் படையோட வந்தான்மா. சும்மா வரல."

"அந்த ரசீதையெல்லாம் அவன் வீட்ல காட்டியிருப்பான்ல?"