செஞ்சியில் ஜெர்மன்

கேள்வி: செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. இனி பார்க்க வரும் ஜெர்மன்காரர்களோடு தொழில் பேச எவ்வளவு ஜெர்மன் தெரிந்தால் போதும்?

பதில்: ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். சி2 என்பது செஞ்சியின் ராஜகிரி மலை உச்சி. ஏ1 அடிவார வாசல். வணக்கம், அறிமுகம், விலை, நேரம் எல்லாம் ஏ1-இலேயே அடங்கும். சென்னை கோதே நிறுவனம் இதற்கு வகுப்பும் தேர்வும் நடத்துகிறது. தொழில் பேச்சில் 'ஹெர்' (திரு), 'ஃபிராவ்' (திருமதி) என்று குடும்பப் பெயரோடு சேர்த்து அழைப்பதே முறை. 'டூ' என்ற ஒருமை நெருங்கியவர்களுக்கு மட்டும். கடிகாரத்தில்தான் வம்பு: 'ஹால்ப் டிரை' என்பது இரண்டரை மணி. 'டிரை' என்றால் மூன்றுதானே என்று மூன்றரைக்குப் போனால் பேரம் முடிந்திருக்கும். விலை சொல்ல ஏ1 போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.